படம் பார்க்கவும் பாடம் வேண்டுமா?

மழைக்காகம்:
ஒன்பதாம் வகுப்பிலிருந்தே படங்களை விமர்சன நோக்கில் பார்க்கத் தனிப் பாடம் வேண்டும் என்று சாக்பீஸ் டீச்சர் நேற்று இங்கே எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்குத் தேவை ஒன்றுதான், படம் உண்மையா பொய்யா என்று தெரியணும். அதற்கு, படத்தைப் போட்டால் அது வேறு எங்கெல்லாம் வந்தது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸ் இருக்கிறது, சரிபார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை வெள்ளத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். 2015 டிசம்பர் 3 அன்று பிரதமர் மோடி வானிலிருந்து வெள்ளத்தைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் போட்ட படத்தில், ஜன்னலுக்கு வெளியே வேறு படத்தை ஒட்டியிருந்தார்கள். ட்விட்டரில் இருந்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள், அலுவலகமும் படத்தை நீக்கிவிட்டு, இரண்டு படங்களைச் சேர்த்ததை ஒப்புக்கொண்டது. பிடித்தவர்களில் எத்தனை பேர் காட்சிப் பண்பாடு என்று இப்படியொரு பாடம் படித்தவர்கள்?

சாக்பீஸ்:
பிடித்ததோடு சிரித்துவிட்டுக் கலைந்துவிட்டோம், அதுதான் என் குறையே. ஏன் ஒட்டினார்கள் என்று யார் கேட்டோம்? பேரிடர்ப் படம் என்றால் ஜன்னல் வேண்டும், தலைவரின் பக்கவாட்டு முகம் வேண்டும், கீழே தண்ணீர் தெளிவாகத் தெரியணும். அசல் படத்தில் வெளிக்காட்சி அவ்வளவு தெளிவாக இல்லை, அதனால் ஒட்டினார்கள். ஒட்டியவருக்கு அந்த இலக்கணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது, பார்க்கிற நமக்குத்தான் தெரியவில்லை. ஒட்டாத படத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன், அதில் வெள்ளம் பின்னணி, பார்க்கிறவர்தான் விஷயம், மொட்டை மாடியில் நிற்கிற சனம் ஒரு புள்ளியாகக்கூட வராது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே படம்தான் வருகிறது. 2005-ல் கத்ரீனா புயல் முடிந்து அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ் விமான ஜன்னல் வழியாக நியூ ஆர்லியன்ஸைப் பார்த்த படமும் இதே அமைப்பு, அதில் ஒட்டு வேலை எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் படம் அவர் பெயரைக் கெடுத்தது, மேலேயே பறந்து போய்விட்டார், கீழே இறங்கவில்லை என்று. அந்தப் படத்துக்கு இடம்கொடுத்தது தவறு என்று பிற்பாடு அவரே சொன்னார். இதையெல்லாம் உங்கள் லென்ஸ் சொல்லுமா?

மழைக்காகம்:
நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். புஷ் படத்தைப் பார்த்துக் கோபப்பட்ட அமெரிக்கர்களுக்கு எந்த டீச்சரும் வகுப்பு எடுக்கவில்லையே. கரண்ட் இல்லாமல், கழுத்தளவு தண்ணீரில் நின்றவனுக்குப் படம் தானாகப் புரியும். என் பயம் வேறு. எல்லாப் படத்தையும் சந்தேகப்படு என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், கடைசியில் அது எதையுமே நம்பாது. 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட் விமான நிலையத்தில், அதிபர் தேர்தலில் டிரம்ப்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸுக்குக் கூடிய கூட்டத்தின் படத்தை ஏஐ வேலை என்றார் டிரம்ப். கூட்டம் உண்மை, அங்கே நின்று எடுத்த வீடியோக்களே இருந்தன. அப்படியும் அவர் பேச்சை நம்பிப் பரப்பினவர்கள் உண்டு. சந்தேகம் என்பது அதிகாரத்தில் இருப்பவனுக்கு நல்ல ஆயுதம். அதை நீங்கள் பாடத்திட்டமாகவே போட்டுக்கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

டீக்கடைபெஞ்ச்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் பார்த்தவன். நம்ம ஆட்களுக்குப் படம் படிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒரு கட்சிக்காரரை என்னிடம் அனுப்புங்கள். தலைவர் தலை எவ்வளவு, மாவட்டம் தலை எவ்வளவு, ஒன்றியம் அதைவிட எத்தனை சுற்று குறையணும், கீழே பாஸ்போர்ட் சைஸில் வரிசையாக நிற்பவர்களில் யார் யாருக்கு முந்தி, எல்லாம் அத்துப்படி. எழுத்துப்பிழையை ஒருத்தரும் பார்க்க மாட்டார், தலை அரை இஞ்ச் சிறுத்தால் இரவு பதினொரு மணிக்கு போன் வரும். போன மாதம் இருந்த முகம் இந்த மாதம் இல்லையென்றால் ஊரே புரிந்துகொள்ளும். மழைக்காகம் சொல்வது இந்த அளவுக்குச் சரி. ஆனால் ஒன்று, வருகிற எல்லா முகத்தையும் நாங்கள் வெளுப்பாக்கித்தான் வைப்போம். கல்யாண பேனர், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும். யாரும் கேட்டு அல்ல, அது வேலையின் முதல் படி. செத்துப்போன தாத்தாவைக்கூட வெளுத்தோம், குடும்பத்தில் ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை.

சாக்பீஸ்:
அருமை, நான் பத்துப் பக்கம் எழுதினாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். தனக்கு லாப நஷ்டம் இருக்கிற படத்தை எல்லோரும் படித்துவிடுகிறோம், கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டதுதான் கண்ணுக்குத் தப்புகிறது. 1994-ல் ஓ.ஜே. சிம்ப்சன் என்ற கறுப்பின அமெரிக்க விளையாட்டு நட்சத்திரம் கொலை வழக்கில் கைதானபோது போலீஸ் எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் என்ற அமெரிக்க வார இதழ்கள் இரண்டுமே அட்டையில் போட்டன. டைம் அதைக் கறுப்பாக்கி, ஓரங்களை இருட்டாக்கிப் போட்டது. இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால்தான் வெட்ட வெளிச்சமானது. டைம் மட்டும் வந்திருந்தால்? குற்றவாளி முகம் என்றால் இப்படித்தான் என்று எத்தனை பேர் பேசாமல் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். நான் வகுப்பில் செய்ய நினைப்பதும் அதைத்தான், பக்கத்தில் இன்னொன்றை வைப்பது. ஒரு செய்திப் படம், மூன்று விதமான படக்குறிப்பு, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சந்தேகப்படு என்று நான் எங்கே சொன்னேன்? கேமரா எங்கே நிற்கிறது, யார் பணம் கொடுத்தது, எதை வெட்டினார்கள் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை டெட்ராய்ட் படத்தையும் அப்படியே கேட்கும், வேறு கோணத்தில் எடுத்தது இருக்கிறதா என்று தேடும், தேடிப் பார்த்து நம்பும்.

மழைக்காகம்:
கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில் என்ன ஆகும் தெரியுமா? "பின்வரும் படத்தை விமர்சன நோக்கில் விளக்குக", ஐந்து மதிப்பெண். அடுத்த மாதமே கைடு வரும். "இப்படத்தில் கேமரா தாழ்வான கோணத்தில் உள்ளது, இது அதிகாரத்தைக் குறிக்கிறது" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், கேமரா மேலே இருந்தாலும் அதையே எழுதுவார்கள்.

பழையநெகட்டிவ்:
இந்தக் கோணச் சமாசாரம் என் தொழில் என்பதால் சொல்கிறேன், பத்திரிகைக்குப் படம் எடுத்தவன். கூட்டம் குறைவு என்றால் தூரத்திலிருந்து டெலி லென்ஸ் போட்டு எடுப்போம், முன்னால் நிற்கிறவனும் இருபதடி தள்ளி நிற்கிறவனும் தோளோடு தோள் ஒட்டியது போல விழும். அதே கூட்டத்தைச் சப்பையாகக் காட்டணுமா, ஏணி போட்டு ஏறி அகல லென்ஸில் காலி நாற்காலியோடு எடுத்தால் போச்சு. இரண்டும் உண்மைப் படம். எதிலும் ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. மழைக்காகம் சார், இரண்டையும் உங்கள் கூகுள் லென்ஸில் போடுங்கள், இரண்டுக்குமே சுத்தமான சான்றிதழ்தான் கிடைக்கும்.

மழைக்காகம்:
சரி, இது நியாயமான அடி. அப்படியென்றால் அறிவியலில் லென்ஸ் பாடம் நடத்தும்போது ஒரு பத்தி சேர்த்துவிடலாமே. தனிப் பாடம் எதற்கு, தனி வாத்தியார் எதற்கு?

சாக்பீஸ்:
பத்தாம் வகுப்பு ஒளியியலில் குவிலென்ஸ் இருக்கிறது, கூட்டத்தைக் குவிக்கிற லென்ஸ் இல்லை. வாரம் ஒரு பீரியட் போதும் என்கிறேன், பரீட்சை வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

மழைக்காகம்:
மதிப்பெண் இல்லாத பீரியடுக்கு என்ன கதி என்று நம்ம ஊரில் பாடம் எடுக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டுமா? ஜனவரி ஆனால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார்.

டீக்கடைபெஞ்ச்:
எந்தப் பீரியடைப் பிடுங்கித் தருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் டீச்சர். டிராயிங்கை எடுத்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், பி.டி. பீரியடைத் தொட்டீர்களோ, உங்கள் முகத்தை நானே பேனரில் கறுப்பாக்கி வைக்க வேண்டிவரும்.