டிரிபியூன் டவர்: பத்திரிகை ஆபீஸ் ஏன் சர்ச் மாதிரி இருக்கிறது?

நடைராசா:
போன வாரம் சிகாகோ மிச்சிகன் அவென்யூவில் டிரிபியூன் டவரைப் பார்த்தேன். கீழ்ச் சுவரில் தாஜ்மகால், சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் போட்டுக் கல் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். நிஜக் கற்கள்தானா? உச்சியோ அசல் தேவாலயம். பத்திரிகைக்கு எதற்கு இந்த வேஷம்?

செங்கல்சித்தன்:
நிஜம்தான். முதலாளி ராபர்ட் மெக்கார்மிக்குக்குக் கல் கிறுக்கு. முதல் உலகப் போர்ச் செய்திக்காக ஐரோப்பா போனவர், குண்டடிபட்ட தேவாலயம் ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தார். அப்புறம் தம் வெளிநாட்டு நிருபர்களையும் கல் கொண்டுவரச் சொன்னார். பாவம், செய்தியோடு கல்லும் சுமந்திருக்கிறார்கள்.

நான் கட்டடங்களுக்குக் கணக்குப் போடுகிறவன், அதனால் என் கண் உச்சிக்குத்தான் போகும். உச்சியைச் சுற்றி வெளிப்புறம் வளைவுகள் நிற்கின்றனவே, பழைய தேவாலயங்களில் அவை சுவர் வெளியே சாயாமல் முட்டுக் கொடுப்பவை. இங்கே பாரத்தைச் சுமப்பது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். வளைவுகள் வெறும் நகை. பிரான்சின் ருவான் நகரத் தேவாலயத்திலுள்ள 'வெண்ணெய்க் கோபுரம்'தான் முன்மாதிரி. தவக்காலத்தில் வெண்ணெய் தின்ன அனுமதி கேட்டவர்கள் கட்டிய பணத்தில் எழுந்ததால் அந்தப் பெயராம்.

பத்திரிகைக்கு 75 வயதானதை ஒட்டி 1922-இல் இந்தக் கட்டடத்தை வடிவமைக்கப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு 50,000 டாலர். 260-க்கும் மேல் வரைபடங்கள் வந்தன. கட்டடக் கலைஞர்கள் ஹவெல்ஸும் ரேமண்ட் ஹூடும் ஜெயித்தார்கள், 1925-இல் 462 அடிக் கோபுரம் எழுந்தது.

கோடுகோலன்:
இரண்டாம் பரிசு வாங்கிய சாரினென் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். மேலே போகப் போகப் படிப்படியாக உள்ளொடுங்கும், ஒட்டுவேலை கிடையாது. பின்னால் வந்தவர்கள் காப்பியடித்தது அதைத்தான். என் ஓட்டு அதற்கே.

செங்கல்சித்தன்:
என் ஓட்டும்தான். ஹூடுக்கே உறைத்திருக்க வேண்டும். 1930-இல் நியூயார்க் டெய்லி நியூஸுக்கு அதே இருவர் கட்டிய கட்டடத்தில் கோதிக் (அந்தப் பழைய தேவாலயப் பாணி) வாசனையே இல்லை: நெட்டுக்குத்தான வெள்ளைப் பட்டைகள், தட்டையான உச்சி. அந்தப் பத்திரிகையும் மெக்கார்மிக்கின் உறவினருடையதுதான்!

நடைராசா:
சரி, இப்போது உள்ளே யார்?

செங்கல்சித்தன்:
2018-இல் பத்திரிகை வெளியேறியது. இப்போது அடுக்ககம். வாசல் சிற்பங்களைக் கவனித்தீர்களா? ஹூடுக்காக ஒரு ராபின் ஹூட், ஹவெல்ஸுக்காக ஊளையிடும் நாய். ஆங்கிலத்தில் ஊளைக்கு 'ஹவுல்' என்பார்கள்.