ஒற்றையர் பேட்மின்டன்: கோர்ட்டில் தகராறு எழும் இடங்கள்

(நான்கு பேர் மாற்றி மாற்றி எழுதியவை. ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பின்கோடு

இரட்டையரே ஆடிப் பழகியவர்கள் ஒற்றையருக்கு நிற்கும்போது முதல் வாக்குவாதம் கோட்டில்தான் வரும். ஒற்றையருக்கு அகலம் 5.18 மீட்டர், அதாவது பக்கவாட்டில் உள்கோடு. நீளம் 13.40 மீட்டர், முழுவதும் நமக்கு உண்டு. பின்கோட்டுக்கு 76 செ.மீ. முன்னால் இன்னொரு கோடு இருக்கிறதே, அது இரட்டையர் சர்வீஸுக்கு மட்டும் உரியது. உயரத் தூக்கிப் போட்ட சர்வீஸ் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே விழுந்ததும் "அவுட்" என்று கை காட்டிவிடுகிறார்கள். ஒற்றையரில் அது இன். எதிராளியைக் கடைசிக் கோடுவரை ஓட்டத்தான் அந்த சர்வீஸே போடுகிறோம். அந்த 76 செ.மீ.ஐப் பறித்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

கோட்டின் மேல் விழுந்தாலும் இன்தான். 40 மி.மீ. அகலமுள்ள கோடு முழுவதும் கட்டத்தைச் சேர்ந்தது.

இரட்டைப்படை

கோட்டுக்கு அடுத்தபடி குழப்பம், எந்தப் பக்கம் நின்று சர்வீஸ் போடுவது என்பதில். சர்வீஸ் போடுபவரின் பாயிண்ட் மட்டுமே கணக்கு. பூஜ்யம் அல்லது இரட்டைப்படை என்றால் வலது கட்டம், ஒற்றைப்படை என்றால் இடது. எதிரில் நிற்பவரின் பாயிண்ட்டைப் பார்க்கவே கூடாது, இரண்டையும் கூட்டவும் கூடாது.

7-5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 வைத்திருப்பவர் இடது கட்டத்திலிருந்து போடுகிறார். அந்த ரேலியை (சர்வீஸிலிருந்து ஷட்டில் விழும்வரை நடக்கும் ஆட்டத்தை) எதிராளி ஜெயித்தால் அவருக்கு 6, சர்வீஸும் அவருக்கு. அவர் போக வேண்டியது வலது கட்டம். 7-இல் இருப்பவரும் தன் வலது கட்டத்துக்கு மாறி நின்று வாங்க வேண்டும். "போன தடவை இடதில் நின்றேன், அதனால் இப்போது வலது" என்று நினைவை நம்புகிறவர்கள்தான் இங்கே தடுமாறுகிறார்கள்.

தவறான கட்டத்திலிருந்து போட்டு ரேலி முடிந்துவிட்டால்? எடுத்த பாயிண்ட் நிற்கும். இடத்தை மட்டும் திருத்திக்கொண்டு மேலே ஆட வேண்டும். திரும்ப ஆடச் சொல்வதற்கு விதியில் இடமில்லை.

அரைவலை

சர்வீஸ் உயரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ராக்கெட் படும் கணத்தில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். முன்பு கடைசி விலா எலும்பின் உயரம்தான் அளவு. ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதால் 2018-இல் இந்த நிலையான உயரத்தைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். நல்ல மாற்றம் என்பேன். உயரமானவர்கள் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அளவுகோல் இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. வலை நடுவில் 1.524 மீட்டர் உயரம், வலையின் ஆழம் 76 செ.மீ. ஆகவே வலையின் பாதி ஆழம் இருப்பது தரையிலிருந்து ஏறக்குறைய 1.14 மீட்டர் உயரத்தில். பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்தினால் சர்வீஸ் மேலே போகிறதா என்று தெரிந்துவிடும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் எல்லா சர்வீஸும் தாழ்வாகத்தான் தோன்றும்.

காலிலும் கவனம் வேண்டும். உயர சர்வீஸில் எடை முன்காலுக்கு மாறும்போது பின்குதிகால் எழலாம், தவறில்லை. ஆனால் விரல் தரையில் இழுபட்டு நகர்ந்தால் ஃபால்ட், அதாவது தவறு, பாயிண்ட் எதிராளிக்கு. இரண்டு பாதங்களிலும் ஏதாவது ஒரு பகுதி, ஷட்டிலை அடிக்கும்வரை அசையாமல் தரையில் இருக்க வேண்டும். வாங்குபவருக்கும் இதே விதிதான். முன்னோக்கி வீசத் தொடங்கிய ராக்கெட்டை நடுவில் நிறுத்தி ஏமாற்றுவதும் ஃபால்ட். வீசி ஷட்டில் படாமல் போனாலும் ஃபால்ட்தான், மறுவாய்ப்பு கிடையாது.

நெட்டோரம்

டென்னிஸ் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: சர்வீஸ் வலையை உரசிக்கொண்டு போனால் லெட் (பாயிண்ட் இல்லாமல் மறுபடி ஆடுவது) தானே? இல்லை. உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் நல்ல சர்வீஸ், எடுத்தே ஆக வேண்டும். சர்வீஸ் வலையின் மேல் சிக்கி நின்றாலும், தாண்டிப் போய் வலையில் மாட்டிக்கொண்டாலும் ஃபால்ட். சர்வீஸைத் திருப்பி அடித்த பிறகு அப்படிச் சிக்கினால் மட்டுமே லெட்.

வலைக்கு மேலே ராக்கெட் போவதும் முழுக்கக் குற்றமில்லை. ஷட்டிலை முதலில் தொட்டது நம் பக்கத்தில் என்றால், வீச்சின் தொடர்ச்சியில் ராக்கெட் அந்தப் பக்கம் போகலாம். எதிர்ப்பக்கத்திலேயே போய்த் தொட்டால் ஃபால்ட். ஷட்டில் ஆட்டத்தில் இருக்கும்போது ராக்கெட்டோ உடம்போ சட்டையோ வலையைத் தொட்டாலும் ஃபால்ட்.

இரட்டைப்படை

நெட்டோரம் சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். அவுட்டாகப் போகிற ஷட்டில் சட்டையில் பட்டாலும் பாயிண்ட் எதிராளிக்கு. கோர்ட்டுக்கு வெளியே நின்றிருந்தாலும் அப்படித்தான். அவுட் என்று தோன்றினால் உடம்பை விலக்கிக்கொள்ளுங்கள், கையால் பிடிக்கப் போகாதீர்கள்.

பின்கோடு

எண்ணிக்கையில் அதிகம் சண்டை வருவதில்லை: 21 பாயிண்ட், 20-20 ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம், 29-29 ஆனால் 30-ஐ முதலில் தொடுபவருக்கு கேம். மூன்றாவது கேமில் ஒருவர் 11 எடுத்ததும் பக்கம் மாற மறந்துவிடுகிறார்கள். நினைவு வந்த உடனே, ஷட்டில் ஆட்டத்தில் இல்லாதபோது மாறிக்கொள்ள வேண்டும். எடுத்த பாயிண்ட் அப்படியே நிற்கும்.

ஆட்டத்துக்கு முன் ஷட்டில் வேகத்தைச் சோதித்துவிடுங்கள். பின்கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சில், பக்கக்கோட்டுக்கு இணையாக மேல்நோக்கி அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழ வேண்டும். அதைத் தாண்டிப் போகும் ஷட்டிலோடு ஆடினால் நல்ல கிளியர் (எதிராளியின் பின்கோட்டை நோக்கி உயரத் தூக்கி அடிப்பது) எல்லாம் பின்கோட்டைக் கடந்துவிடும், அப்புறம் மறுபடியும் கோட்டுச் சண்டைதான்.