இனிப்பு நீருக்கு நான்கு அலமாரியா? கோயில் நூலகத்து மருத்துவ நூல்கள்

கேள்வி: பாடாங் செராய் வாசகி

வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் சிறு நூலகம் ஒன்று நடத்துகிறோம். தோட்டத்து லய வீடுகளைக் காலி செய்துகொண்டு போனவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களே பெரும்பாலும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி தசம முறைப்படி எண் ஒட்டி வருகிறேன். கதைக்கும் வரலாற்றுக்கும் சிக்கலில்லை. மருத்துவத்தில்தான் தலை சுற்றுகிறது. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு பற்றிய நூல் 616.462இல் போய் உட்காருகிறது. அதற்கான உணவுமுறை 613.2இல், சமையல் 641.5இல், கால் புண் 617இல். வருகிறவர்களோ பூசை முடிந்து பிரசாதத் தட்டோடு எட்டிப் பார்க்கும் பாட்டிமார். அவர்களை நான்கு அலமாரிக்கு அலையவிடுவதா?

எண்ணையெல்லாம் உரித்துவிட்டு நோய்வாரியாக அடுக்கிவிடலாமா? சித்த மருத்துவ நூல்களையும், அட்டை போன குழந்தை வளர்ப்பு நூல்களையும் எங்கே வைப்பது?

பதில்: பழைய நூலகர், ஈப்போ

எண்ணை உரிக்காதீர்கள், தங்கை. இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் சிறுநீரகமும் ஒரே நூலில் வந்தால் எந்தத் தட்டில் வைப்பீர்கள்? நோய்வாரி அடுக்கு ஒரு தீபாவளி தாங்காது.

புத்தகத்துக்கு இடம் ஒன்றுதான். அதைத் தேடிப் போகும் வழியை மட்டும் பெருக்குங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் மருத்துவத்துக்கென்றே தனி வகைப்பாடு வைத்திருக்கிறது. அதில் நீரிழிவு டபிள்யூகே 810. அது போதாதென்று 1960இல் ‘மெஷ்’ என்னும் பொருள்தலைப்புப் பட்டியலையும் வெளியிட்டார்கள். ஒரு கட்டுரைக்குப் பல தலைப்புகள் இடுவார்கள். ஒரே நோயின் வேறு பெயர்களையும் அதன் தலைப்போடு இணைத்திருப்பார்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தேடினாலும் ‘மயோகார்டியல் இன்பார்க்‌ஷன்’ என்ற தலைப்பில் உள்ளவையும் சேர்ந்து வருவது அதனால்தான்.

உங்களுக்குக் கணினி வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும். ‘நீரிழிவு’ என்று ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு எண்களையும் எழுதுங்கள். ‘இனிப்பு நீர்’, ‘சர்க்கரை வியாதி’, ‘கெஞ்சிங் மானிஸ்’ ஒவ்வொன்றுக்கும் ‘நீரிழிவு காண்க’ என்று ஒரு வரி. மலாய்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் காதில் விழுந்து வருவது அதுதான். நோட்டைக் கயிறு கட்டி மேசையில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே காணாமல் போகும்.

சித்த மருத்துவம் 615இல், சிகிச்சை முறைகளோடு இருக்கட்டும். நீரிழிவுப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம்.

பதில்: கூலிம் தாதி

ஐயா எண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். எனக்குக் கவலை, உள்ளே அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பற்றி. நம் மலேசிய சுகாதார அமைச்சின் இரண்டாம் வகை நீரிழிவு வழிகாட்டியே 2015இல் ஐந்தாம் பதிப்பும் 2020இல் ஆறாம் பதிப்பும் கண்டது. முப்பது வருடத்து நூலை நம்பி யாராவது மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் வார்டில் பார்ப்பது நாங்கள்தான்.

குழந்தை வளர்ப்பு நூல்களை முதலில் எடுத்துப் பாருங்கள், அக்கா. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லும் பழைய நூல்கள் உண்டு. தூக்கத்தில் திடீரென இறக்கும் ஆபத்து அதனால் கூடுகிறது என்று தெரிந்த பிறகு, 1990களில் மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லி பல நாடுகளில் பெரிய பிரசாரமே நடந்தது. நான்கு மாதத்தில் கஞ்சி என்பதும் பழைய கணக்கு. 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்கிறது. மருத்துவ நூல் ஐந்து வருடம் தாண்டினாலே ஒருமுறை எடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

கிளினிக்கில் தரும் துண்டுப்பிரசுரங்களை நூல்களோடு செருகாதீர்கள். கோப்பில் போட்டு, வாங்கிய மாதத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

பதில்: லயத்துப் பேரன்

தாதி அக்கா சொல்வது சரி, ஆனால் யாரும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்! அந்த நூல்களில் தோட்டப் பள்ளியின் முத்திரை இருக்கலாம், ஓரத்தில் எவர் கையெழுத்தோ இருக்கலாம். இல்லாமல் போன தோட்டத்துக்கு வேறு சாட்சி கிடையாது. தோட்ட வரலாறு என்று தனித் தட்டு வைத்து, ‘படித்து மருந்து எடுக்க அல்ல’ என்று எழுதி ஒட்டுங்கள். சித்த மருத்துவத்தை நீரிழிவுப் பக்கத்திலிருந்து ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள்.

பதில்: பழைய நூலகர், ஈப்போ

கேட்டால் 615ஐக் காட்டட்டும், தம்பி. மருந்தை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கச் சொல்லும் நூலுக்கு நான் வழிகாட்டிப் பலகை வைக்க மாட்டேன்.

பாடாங் செராய் வாசகி

நன்றி ஐயா, நன்றி அக்கா. நோட்டு வாங்கிவிட்டேன். சித்த மருத்துவம் 615இல்தான் இருக்கும், தம்பி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி எழுதுகிறேன். குழந்தை வளர்ப்பு நூல் ஒன்றில் அந்த நான்கு மாதக் கஞ்சி அப்படியே இருக்கிறது. அதைக் கொடுத்தவர் கோயில் தலைவரின் தாயார். வெள்ளிக்கிழமை தோறும் வந்து தன் நூல் முன்வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பார். தட்டு மாற்றியதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.