கள்ளில் காற்றுப் புகுந்துவிட்டது, என்ன செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் ஒரு சங்கத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைக்கும் வேலை எனக்கு. நேற்றுப் பீப்பாவிலிருந்து மாற்றும்போது குழாயின் கிளிப் தளர்ந்து காற்றை இழுத்துவிட்டது. கள்ளு களகளவென்று நுரைத்துக்கொண்டே போத்தல்களில் விழுந்தது. பியர் என்றால் ஒட்சிசன் பட்டு ஈர அட்டை மணம் வரும் என்பார்கள். எங்களுக்குப் பயம் புளிப்புத்தான்: காற்றுக் கிடைத்தால் அசற்றிக் பக்றீரியா மதுசாரத்தை வினாகிரியாக்கிவிடும், அதுவும் இந்த வன்னி வெயிலில்!

போத்தலோடு சுடுநீரில் வைத்துச் சூடு காட்டினால் பக்றீரியா சாகும், சரி. உள்ளே போன ஒட்சிசனுக்கு என்ன வழி? ஒட்சிசனைப் பிடிக்கும் மெற்றாபைசல்பைற்று என்ற உப்பைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? மணம் மாறுமா? சுண்ணாம்பு போடச் சொல்லாதீர்கள். அது கருப்பணிக்கு (புளிக்காத இனிப்புப் பதநீருக்கு), இறக்கமுன் முட்டியில் பூசுவது. அல்லது பேசாமல் எல்லாவற்றையும் வினாகிரிக்கே விட்டுவிடவா?