பாதையைச் சுருக்கினால் ஃபோல்டர் காணாமல் போகிறது (பைத்தான்)

கேள்வி:
வணக்கம். அண்ணனுடைய போட்டோ ஸ்டுடியோவில் பத்து வருஷத்துக் கல்யாண ஆல்பம் ஒரே லினக்ஸ் மெஷினில் கிடக்கிறது. ஒரே படம் பட்டியலில் நாலு விதப் பாதையோடு வருகிறது. பாதைகளைச் சுருக்கிவிட்டு, இரண்டாவது தடவை வருவதை அழிக்கலாம் என்று ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்லாஷில் ஸ்பிளிட் செய்கிறேன், பெயர் வந்தால் லிஸ்டில் சேர்க்கிறேன், துண்டு '..' (ஒரு ஃபோல்டர் மேலே போ) என்று தொடங்கினால் பாப், அதாவது லிஸ்டின் கடைசிப் பெயரை எடுத்துவிடுகிறேன்.

'/ஆல்பம்/./2019//மாலை/../தாலி' கொடுத்தால் '/ஆல்பம்/2019/தாலி' என்று சரியாக வருகிறது. ஆனால் '/../ஆல்பம்' கொடுத்தால் காலி லிஸ்டில் பாப் என்று எரர். '/ஆல்பம்/.../தாலி' கொடுத்தால் வெறும் '/தாலி'. எங்கே தப்பு?

பதில் 1:
'தொடங்கினால்' என்பதுதான் தப்பு, தம்பி. துண்டு முழுசாக '..'க்குச் சமமா என்று பாருங்கள். தனி அர்த்தம் உள்ளவை '.' (இதே ஃபோல்டர்), '..' இரண்டே இரண்டு. மூன்று புள்ளி சாதாரணப் பெயர்தான், '..பழசு' என்பதும் அப்படியே.

ரூட்டுக்கு ('/' என்ற உச்சி ஃபோல்டர்) மேலே போக இடம் கிடையாது, ரூட்டின் '..' ரூட்டையே காட்டும். '/', '/..' இரண்டின் ஐநோடு எண்ணையும் (ஃபைல் சிஸ்டம் தரும் அடையாள எண்) எடுத்துப் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும் (ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் 2). அதனால் லிஸ்ட் காலியாக இருந்தால் எதுவும் செய்யாமல் அடுத்த துண்டுக்குப் போய்விடுங்கள். உங்கள் முதல் பாதை எட்டுத் துண்டாகும். அதில் இரண்டு வெற்றுத் துண்டு, ஒரு ஒற்றைப் புள்ளி. மூன்றையும் விட்டுவிட வேண்டும். 'மாலை' உள்ளே போகும், '..' வந்ததும் வெளியே வரும்.

பைத்தானில் இதற்கு 'நார்ம்பாத்' ஏற்கெனவே இருக்கிறது. அது தொடக்கத்தில் சரியாக இரண்டு ஸ்லாஷ் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளும், மூன்று இருந்தால் ஒன்றாக்கும். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் விதி அப்படி.

பதில் 2:
தயவுசெய்து அழிக்கும் வரியை முதலில் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நாலு பாதை வந்தால் நாலு படம் இருப்பதாக அர்த்தமில்லை. சுருக்கினபின் ஒரே பாதை வந்தால் டிஸ்க்கில் இருப்பது ஒரே ஃபைல். 'இரண்டாவதை' அழித்தால் போவது அந்த ஒரே பிரதிதான். அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் பாதியை நான் இப்படித்தான் தொலைத்தேன். பேக்கப் இல்லை.

இன்னொன்று. 'மாலை' ஒரு சிம்லிங்க் (வேறொரு பாதைக்குக் கொண்டுபோகும் குறுக்குவழி), '/பேக்கப்/பழசு/மாலை'யைக் காட்டுகிறது என்று வையுங்கள். உங்கள் நிரலுக்கு '/ஆல்பம்/2019/மாலை/..' என்பது '/ஆல்பம்/2019'. கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) அது '/பேக்கப்/பழசு'. உங்கள் லிஸ்ட் எழுத்தை மட்டும் பார்க்கிறது, டிஸ்க்கைத் தொடுவதில்லை. இந்த '..' குழப்பத்துக்காகவே பிளான் 9 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அதைத் திருத்தி, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். உங்களுக்கு வேண்டியது 'ரியல்பாத்', சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து நிஜப் பாதையைத் தரும் பைத்தான் ஃபங்ஷன். நிஜமான டூப்ளிகேட் வேண்டுமென்றால் அதன்பிறகு ஃபைலின் உள்ளடக்கத்துக்கு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) எடுத்து ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. சமமா என்று மாற்றி, லிஸ்ட் காலியா என்றும் பார்த்ததும் இரண்டு தப்பும் போய்விட்டது. அழிக்கும் வரியை எடுத்துவிட்டேன். 'ரியல்பாத்' போட்டுப் பார்த்தால் 'மாலை' சிம்லிங்க்கேதான், பழைய டிஸ்க்கைக் காட்டுகிறது. அண்ணனே போட்டு வைத்திருக்கிறார். இன்றைக்கு ராத்திரி முழு டிஸ்க்கையும் வேறொன்றில் காப்பி எடுத்துவிட்டுத்தான் ஹாஷ் வேலையைத் தொடங்குகிறேன்.