பாஸ்போர்ட் இடுப்பிலா, லாக்கரிலா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோட்டு மஞ்சள்:

போன ஏப்ரலில் நானும் மனைவியும் டோக்கியோ போயிருந்தோம். கிளம்புவதற்கு முன்னால் ஆளாளுக்கு அறிவுரை. அதில் எல்லாரும் ஒத்துப்போன ஒரே விஷயம், "பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டுச் சுத்தாதே, ரூம்லயே பூட்டி வை" என்பதுதான். பெரியப்பா மூன்று தடவை ஃபோன் செய்து இதையே சொன்னார். அவர் ஒருமுறை சிங்கப்பூர் போய் வந்தவர். அதனால் வெளிநாட்டு விவகாரத்தில் எங்கள் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

முதல் நாளே லாக்கரில் வைத்துவிட்டேன். மொபைலில் முதல் பக்கத்தின் படம் இருந்தது, போதும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மாலை உஎனோ ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. லேசாகத் தலை குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, கடைசியில் "பாசுபோட்டோ" என்றார். எனக்கு ஃபோட்டோ எடுக்கச் சொல்கிறாரோ என்றுதான் தோன்றியது. சிரித்துக்கொண்டே அவர் மொபைலை வாங்கக் கை நீட்டிவிட்டேன்.

அப்புறம் புரிந்து, என் மொபைலில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், நன்றி சொன்னார், பிறகு மொழிபெயர்ப்புச் செயலியில் எதையோ பேசி என் பக்கம் திருப்பினார். அசல் வேண்டும் என்று இருந்தது. விடுதியில் இருக்கிறது என்றேன். சரி, போகலாம் என்றார்கள். கோபன் என்று தெருமுனைகளில் சின்னப் போலீஸ் சாவடி இருக்கும், முதலில் அங்கே கூட்டிப்போய் பெயர், விடுதி எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் எனக்கு முன்னும் பின்னுமாக விடுதிவரை நடந்து வந்தார்கள். ஒரு வார்த்தை அதட்டவில்லை. ஆனால் வரவேற்பறையில் நின்றிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஈரோடு சந்தையில் மூட்டை திருடியவனைப் பார்ப்பதுபோல.

லாக்கரைத் திறந்து காட்டினேன். சரிபார்த்துவிட்டு, இனிமேல் கையில் வைத்திருங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ராத்திரிதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஜப்பானில் சுற்றுலா வந்தவர்கள் எந்நேரமும் அசல் பாஸ்போர்ட்டை உடன் வைத்திருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ் என்றால் விலக்கு. வைத்திருக்காவிட்டால் 1,00,000 யென் வரை அபராதம் போடலாம். கேட்டும் காட்ட மறுத்தால் அது தனிக் குற்றம், சிறைவரை போகும். அங்கேயே குடியிருப்பவர்களுக்குத் தனியாக அட்டை உண்டு, அவர்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. நம்மைப் போல வந்து போகிறவனுக்குப் பாஸ்போர்ட்தான் அட்டை.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மனைவி தன் பாஸ்போர்ட்டை முதல் நாளிலிருந்தே கைப்பையில் வைத்திருந்திருக்கிறாள். கடைகளில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் அசலைக் காட்டி 10 சதவீத வரியைத் தவிர்க்கலாமாம். அதற்காக எடுத்து வைத்தாளாம். "பெரியப்பா உங்ககிட்டதானே சொன்னார், என்கிட்ட சொல்லலையே" என்றாள்.

உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

ஐயா, ஜப்பானில் அது சரியாக இருக்கலாம். நான் நேர் எதிர்க் கட்சி.

ரோமில் டெர்மினி நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64 ஆம் நம்பர் பஸ் ஒன்று உண்டு. அது பிக்பாக்கெட்டுக்குப் பேர்போன பஸ் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் சேர்த்து இரண்டு பாஸ்போர்ட், ஒரே பை, அது என் இடுப்பில். கூட்டம் என்றால் நம் காந்திபுரம் டவுன் பஸ் மாதிரி கூட்டம். ஒரு பெண் கையில் மடித்த மேப்பை விரித்து என் மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு எதையோ கேட்டாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வழி சொல்லப் பார்த்தேன். என் ஊரிலேயே நான் வழி சொல்ல மாட்டேன்! அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கிவிட்டாள். பையின் ஜிப் திறந்து கிடந்தது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. போலீஸில் எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்கவே சாயங்காலமாகிவிட்டது, தூதரகம் இனி திங்கட்கிழமைதான். நகல் எங்கே என்றால், அதுவும் அதே பையில்தான் மடித்து வைத்திருந்தேன். அந்த அறிவைச் சொல்லி மாளாது.

கடைசியில் காப்பாற்றியது யார் தெரியுமா? விசா எடுத்துக் கொடுத்த கோயமுத்தூர் ஏஜென்ட். அவர் கம்ப்யூட்டரில் எங்கள் பாஸ்போர்ட் முழுவதும் ஸ்கேன் செய்யப்பட்டு இருந்தது, விசா ஒட்டிய பக்கம் உட்பட. மகள் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய் வாட்ஸ்அப்பில் அனுப்ப வைத்தாள். திங்கட்கிழமை போலீஸ் சீட்டு, ஃபோட்டோ, அந்த நகல் எல்லாம் கொடுத்து அவசரச் சான்றிதழுக்கு மனுப் போட்டோம். அது கிடைத்தால் இந்தியாவுக்குத் திரும்பத்தான் முடியும், வேறு நாட்டுக்குப் போக முடியாது. அடுத்து சுவிட்சர்லாந்து ஐந்து நாள் பணம் கட்டியிருந்தோம், அது போச்சு. வீட்டம்மாவுக்குப் பனிமலை பார்க்கும் ஆசை. இன்னமும் டிவியில் மலை வந்தால் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

அதனால்தான் சொல்கிறேன், லாக்கரில் வையுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் ஊராக இருந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். நகல் எடுக்கிறவர்கள் கடைசிப் பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். நம் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கடைசி பெஞ்ச்:

லாக்கர் கட்சிக்கு என் பரிசு: பட்டாயாவில் லாக்கரில் பத்திரமாக வைத்தேன். அவ்வளவு பத்திரமாக வைத்தேன் என்றால், பாங்காக் விமான நிலைய கவுன்ட்டரில் பாஸ்போர்ட் கேட்கும்வரை எனக்கே ஞாபகம் வரவில்லை. போக 120 கிலோமீட்டர், வர 120 கிலோமீட்டர். அதற்குள் விமானம் சென்னையை நெருங்கியிருக்கும்.

இப்போதெல்லாம் கிளம்பும் முந்தின ராத்திரி ஒரு கால் ஷூவைத் தூக்கி லாக்கருக்குள் வைத்துவிடுகிறேன். ஒற்றை ஷூவோடு யாரும் ஏர்போர்ட் போக முடியாதே.

தம்மாம் பழைய ஆள்:

நீங்கள் எல்லாரும் இடுப்பா லாக்கரா என்று கேட்கிறீர்கள். பதினொரு வருஷம் சவுதியில் இருந்தேன், என் பாஸ்போர்ட்டை நான் பார்த்தது ஊருக்குப் போகும்போது மட்டும்தான். போய் இறங்கிய அன்றே கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி வாங்கி வைக்கக் கூடாது என்று அந்த ஊர்ச் சட்டமே சொல்கிறது என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்து மட்டும் என்ன, கேட்கப் போனால் "எதுக்கு, ஓடிப்போறதுக்கா?" என்பார்கள்.

எங்களுக்கு உயிர் இக்காமா என்கிற குடியிருப்பு அட்டைதான். ஒருமுறை ராத்திரி லுங்கியோடு கீழே பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், குப்பூஸ் ரொட்டி வாங்கப் போனேன், ரூமிலிருந்து ஐம்பது அடி. வாசலில் போலீஸ் வண்டி. இக்காமா சட்டைப் பையில், சட்டை ரூம் ஆணியில். வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பக்காலா சேட்டன் மலப்புரத்துக்காரர், ஓடிப்போய் ரூம் பையன்களிடம் சொல்லி அட்டையை எடுத்துவர வைத்தார். வண்டி கிளம்புவதற்கு முன் வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம். குப்பூஸ் பொட்டலம் அதுவரை என் மடியிலேயே இருந்தது, சூடு ஆறாமல்.

இப்போது சவுதி அரசின் அப்ஷர் செயலியிலேயே இக்காமா வந்துவிட்டது என்கிறான் அங்கே இருக்கும் மச்சான். பாஸ்போர்ட் இல்லாமல் அவுட்பாஸில் ஊர் திரும்பியவர்களை நிறையப் பேரைப் பார்த்தவன் நான். மேலே கோயமுத்தூர் அண்ணன் சொன்ன அவசரச் சான்றிதழ்தான் எங்கள் பாஷையில் அவுட்பாஸ். அவருக்கு அது சுற்றுலா கெட்டுப்போன கதை. எங்கள் ஆட்களுக்கு அது வேறு கதை.

பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கும், இது இந்திய அரசின் சொத்து என்று. உங்களுக்கே சொந்தமில்லாத ஒன்றை இன்னொருத்தர் வாங்கி வைக்க எப்படி முடியும்? வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கிற தம்பிகளும் இதைக் கவனியுங்கள். தாய்லாந்து, வியட்நாம் பக்கமெல்லாம் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள். பணத்தை முன்பணமாகக் கொடுங்கள், அதைக் கொடுக்காதீர்கள்.

ராமநாட்டுக்காரி:

கொஞ்சம் நல்ல அனுபவமும் வரட்டும். இலங்கையில் சிகிரியா மலைக்கோட்டையில் வெளிநாட்டவர் கட்டணத்தைப் பார்த்து நாங்கள் திரும்பிவிடலாமா என்று யோசித்தோம். இந்தியா உட்பட தெற்காசிய சார்க் நாட்டவர்களுக்கு அப்போது பாதிதான், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். என்னிடம் இருந்தது, நாத்தனாரிடம் இல்லை. நான் பாதி விலையில், அவர் முழு விலையில் ஏறினோம். உச்சி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

மஞ்சப்பை:

இது என் அம்மா கதை. அம்மாவுக்கு வயது 68. கோலாலம்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்றார். மலேசியாவில் சோதனை இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும் என்று தங்கை வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பத்திரமாக மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். அதே பையில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை.

பத்துமலைக்குப் போனவர்களுக்கு மீதி தெரிந்திருக்கும். 272 படி, படிக்கொரு குரங்கு. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது ஒன்று வந்து பையைப் பிடித்தது. அம்மாவும் விடவில்லை. கிராமத்து ஆள், குரங்குக்குப் பயப்படுகிறவர் இல்லை. பை கிழிந்தது. தேங்காய் உருண்டு கீழே போக, பழத்தோடு பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு அது கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பழத்தை உரித்துத் தின்றது. பிறகு அந்த நீலப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்ததாம், இமிகிரேஷன் அதிகாரி மாதிரி. ஓரத்தைக் கடித்தும் பார்த்தது. அம்மா, "முருகா, அதை மட்டும் குடுத்துடச் சொல்லுப்பா" என்று சத்தமாக வேண்டிக்கொண்டிருக்கிறார். பின்னால் வந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பையன் தன்னிடமிருந்த ரொட்டியை வீசினான், அது புத்தகத்தைப் போட்டுவிட்டு ரொட்டிக்குப் பாய்ந்தது.

மேலட்டையில் இரண்டு பல் தடம். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஊர் திரும்பும்போது கவுன்ட்டர் பெண் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறார். "குரங்கு" என்று அம்மா தமிழிலேயே சொல்ல, பக்கத்திலிருந்த தமிழ் அதிகாரி சிரித்துவிட்டாராம். விவரப் பக்கத்தில் கடித்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். சேதமான பாஸ்போர்ட்டை வைத்து விமானத்தில் ஏற்ற மறுப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

அம்மா இப்போது உள்பாவாடையில் பை தைத்துக்கொண்டிருக்கிறார்.

சூரிச் தம்பி:

நான் யாழ்ப்பாணம், இருப்பது சுவிஸில். எங்கட ஆக்களில் கனபேர் விடுகிற பிழை ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் சி பெர்மிட் என்கிற சுவிஸ் வதிவிட அட்டை இருக்கிறது, ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லையில் கேட்க ஆளில்லை, பிறகு கடவுச்சீட்டு எதற்கு என்று நினைப்பது. நானும் அப்படித்தான் பாரிஸுக்கு ரெயிலில் போனேன், லா ஷப்பலில் மாமாவின் மகளின் சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்புனித விழாவுக்கு. எல்லை தாண்டியதும் பிரெஞ்சுச் சுங்கக்காரர் பெட்டிக்குள் ஏறிவிட்டார்கள். அட்டையை நீட்டினேன். கடவுச்சீட்டு எங்கே என்றார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவருக்கு அட்டை தனியாகச் செல்லாது, இரண்டும் சேர்ந்தால்தான் பயணம். சூரிச்சில் அலுமாரிக்குள் இருக்கிறது என்று சொல்லி விளங்கப்படுத்த எனக்குப் பிரெஞ்சும் காணாது. நான் டொச் (ஜெர்மன்) கதைக்க, அவர் பிரெஞ்சு கதைக்க, கடைசியில் மனைவி அலுமாரியைத் திறந்து படம் எடுத்து அனுப்பினா. விட்டுவிட்டார்கள், ஆனால் அது அவரின் நல்ல மனம், என்ர உரிமை இல்லை.

இப்ப எல்லைச் சோதனைகள் திரும்பவும் கூடிவிட்டன. ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. நெதர்லாந்தில் 14 வயதோ அதற்கு மேலோ ஆன எவரும், அந்த நாட்டவர் உட்பட, கேட்டால் அடையாளம் காட்ட வேண்டும். கொண்டாட்டத்துக்குப் பட்டுவேட்டியோடு போகிறவர்கள், வேட்டிக்குள் பொக்கற் இல்லை என்பதையும் யோசியுங்கள்.

ஈரோட்டு மஞ்சள்:

குரங்குக் கதையைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதுக்குத்தான் சொன்னேன், ரூம்லயே வைன்னு" என்கிறார்.

ஒரு விஷயம் முதலில் எழுத விட்டுப்போனது. அந்த மாலைக்குப் பிறகு மீதி ஆறு நாளும் பாஸ்போர்ட்டை பனியனுக்குள் பை மாட்டித்தான் சுற்றினேன். போலீஸைப் பார்த்தாலே கை தானாக நெஞ்சுக்குப் போகும். கியோட்டோவில் ஒரு போலீஸ்காரருக்கு எதிரே போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகூடப் பார்த்தேன். அவர் எனக்கு வழி தெரியவில்லை என்று நினைத்து, பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வணக்கம் சொல்லிப் போனார்.