“அவனுக்கெல்லாமா வாதாடுவீங்க?”

குற்றவியல் வக்கீல்களைப் பந்தியில்கூட விடாமல் துரத்தும் கேள்வி இது. இந்தத் துறையில் இருப்பவர்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? தத்துவம் வேண்டாம், வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள். வந்த பதில்கள் கீழே.

*

ஊர் நினைப்பதுபோல் சிங்கப்பூரில் வக்கீல் எப்போதும் ஆளைத் தேடிப் பிடிப்பதில்லை. மரண தண்டனை வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வரும்போது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லையென்றால், லாஸ்கோ என்ற இலவசச் சட்ட உதவித் திட்டத்தின்கீழ் நீதிமன்றமே நியமிக்கும். அதற்கு வருமானச் சோதனை கிடையாது. மற்ற வழக்குகளில் வசதியில்லாதவர்களுக்கு 1985-இல் தொடங்கிய கிளாஸ் என்ற சட்ட உதவித் திட்டம் உண்டு. 2022 டிசம்பரிலிருந்து அரசாங்கச் சம்பளத்தில் தற்காப்பு வக்கீல்கள் இருக்கும் தனி அலுவலகமும் உண்டு. குற்றம் சாட்டுவதும் அரசாங்கம், எதிர்த்து வாதாட ஆள் தருவதும் அரசாங்கம். முதல்முறை கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

தேக்கா (லிட்டில் இந்தியா) கலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பர் 8. அதில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த 25 பேர்மீது குற்றஞ்சாட்டினார்கள். “இவனுங்களால நம்ம பேரே கெட்டுது” என்று நம் ஆட்களே காப்பிக்கடையில் பேசிய நேரம் அது. ஆனாலும் இலவசமாக வாதாட வக்கீல்கள் முன்வந்தார்கள். அப்படி ஒரு வழக்கில் வக்கீலின் வேலை கலவரத்தை நியாயப்படுத்துவது இல்லை. கூட்டத்தில் நின்றவன் யார், கலையச் சொல்லியும் போகாதவன் யார், கல் எறிந்தவன் யார் என்று பிரிப்பதுதான். கலவரக் குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கலையாமல் நின்றதற்குத் தண்டனை அதைவிட எவ்வளவோ குறைவு. அதனால் வீடியோவை வினாடி வினாடியாக நிறுத்திப் பார்க்க வேண்டும்: எந்தச் சட்டை, எந்தப் பக்கம் திரும்பினான், கையில் என்ன இருந்தது.

*

“நான்தான் செஞ்சேன்” என்று கட்சிக்காரர் வக்கீலிடமே ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? இதில்தான் பலருக்குக் குழப்பம்.

அதை வக்கீல் வெளியே சொல்ல முடியாது. சாட்சியச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு வாயைக் கட்டிவிடுகிறது. ஆனால் நடந்து முடிந்த குற்றத்துக்குத்தான் அந்தக் காப்பு. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டு வந்தால் அது பொருந்தாது.

ஒப்புக்கொண்ட பிறகும் வழக்கை நடத்தலாம். சாட்சி நின்ற இடத்திலிருந்து முகம் தெரிந்திருக்குமா, பிடிபட்ட பொருள் எத்தனை பேர் கை மாறி ஆய்வகம் போனது, எடையில் வித்தியாசம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கலாம். அரசுத் தரப்பின் ஆதாரம் போதாது என்றும் வாதிடலாம். ஆனால் “அன்று இவர் ஜோகூரில் இருந்தார்” என்று தெரிந்தே ஒரு பொய்ச்சாட்சியை ஏற்றக் கூடாது. வேறொருவன்தான் செய்தான் என்று கைகாட்டவும் கூடாது. கட்சிக்காரர் கூண்டில் ஏறிப் பொய் சொல்லியே தீருவேன் என்றால், மறுத்துவிட்டு விலகுவதுதான் வழி. ஏன் விலகுகிறோம் என்று நீதிபதியிடம் விளக்கக் கூடாது. சொன்னால் ரகசியம் போய்விடும்.

இதற்கு நேர் எதிரானது அன்றாடம் நடப்பது. “நான் செய்யல, ஆனா சீக்கிரம் முடியட்டும், ஒத்துக்கிறேன்” என்பார்கள். லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தொகை), பெர்மிட் (வேலை அனுமதி), ஊரில் கடன் என்று ஆயிரம் காரணம். அப்போது தண்டனையைக் குறைக்கக் கேட்கும் கடிதத்தில் “என் கட்சிக்காரர் உண்மையில் செய்யவில்லை” என்று ஒரு வரி எழுதினால் போதும், குற்ற ஒப்புதலையே நீதிபதி தள்ளிவிடுவார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 228-ஆம் பிரிவு அப்படி. இளம் வக்கீல்கள் இரக்கத்தில் எழுதி மாட்டிக்கொள்ளும் வரி இது.

*

“எல்லாரும் பார்க்க ஒத்துக்கிட்டானே, இன்னும் என்ன விசாரணை?” என்பவர்களுக்கு முகமது பின் காதர் வழக்கைச் சொல்வதுண்டு. 2005-இல் ஒரு மூதாட்டி தன் வீட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட காயங்களுடன் கொல்லப்பட்டார். அண்ணன், தம்பி இருவர்மீதும் கொலைக் குற்றச்சாட்டு. இருவருக்காகவும் யாரும் கண்ணீர் விடவில்லை. அவர்களில் இஸ்மில் என்பவர் போலீசில் ஒப்புதலும் கொடுத்திருந்தார். அந்த வாக்குமூலத்தை எழுதிய முறையில் இருந்த கோளாறுகளைத் தற்காப்பு வக்கீல்கள் பிடித்தார்கள். இறந்தவரின் கணவர், வந்தது ஒரே ஆள்தான் என்று போலீசில் சொன்னதும் மிகத் தாமதமாகத்தான் வெளியே வந்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இஸ்மிலைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சகோதரர் முகமதுவுக்கு மரண தண்டனை நின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்ற கடமை இங்கே உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான். இன்று எல்லா வழக்கிலும் வக்கீல்கள் அதைக் காட்டித்தான் ஆவணம் கேட்கிறார்கள்.

*

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லை தாண்டுகிறவர்களும் உண்டு. மானபங்க வழக்கில் பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லி உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்ட வக்கீலுக்கு 2018-இல் 5 ஆண்டு தடை விதித்தார்கள். கட்சிக்காரருக்காக அச்சமின்றி வாதாடினேன் என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை, எடுபடவும் கூடாது. இன்னொன்று: இங்கே ஜூரி முறை 1969-இலேயே ஒழிந்துவிட்டது. சாட்சியை அழவைத்து மயக்க ஜூரிகள் உட்கார்ந்திருக்கவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். சினிமா பார்த்துவிட்டு வரும் குடும்பத்தினருக்கு இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடைசி நேர மனுக்களிலும் கவனம் வேண்டும். போதைப்பொருள் கடத்தலுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற நாகேந்திரன் வழக்கில் போட்ட மனுக்களுக்காக 2022-இல் இரண்டு வக்கீல்கள் சொந்தப் பணத்தில் மொத்தம் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவுத்தொகை கட்ட உத்தரவானது. இதனால் நல்ல வக்கீல்களும் ஒதுங்கிவிடுவார்கள் என்பது என் கருத்து. எதிர்க்கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

*

மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து ஒன்று. போதைப்பொருள் வழக்கில் பை அவர் கையில் இருந்தது நிரூபணமானால், உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. தூய ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. குற்றச்சாட்டு 14.99 என்று குறைந்து வந்தால் உயிர் தப்பும், 20 ஆண்டுக்குக் குறையாத சிறை நிச்சயம், வழக்கமாக 15 பிரம்படியும் உண்டு. அந்த இடத்தில் ஒரு சொல் எவ்வளவு கனம் பாருங்கள். “சாமான் எடுத்துட்டு வந்தேன்” என்கிறார். நம் ஊரில் சாமான் என்றால் மளிகை, பொருள், போதைப்பொருள், மூன்றும்தான். “அவனைத் தெரியும்” என்றால் பழக்கமா, பார்த்திருக்கிறாரா? “கொன்னுடுவேன்னு சொன்னேன்” என்பதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலமாக்கினால் மிரட்டல் வழக்கு. வீட்டில் பிள்ளையை அதட்டும் அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்.

அதனால் ரிமாண்டில் முதல் சந்திப்புக்குப் போகும்போது ஆங்கில வாக்குமூலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அன்று தமிழில் என்ன சொன்னார், யார் மொழிபெயர்த்தார், கையெழுத்துக்கு முன் தமிழில் திருப்பிப் படித்துக் காட்டினார்களா, திருத்தம் கேட்டாரா என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, அந்தத் தமிழை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள்.